டெபியன் 12-இல் இருந்து 13: வி.எல்.சி.யை ஏன் தூக்கப் பார்க்கிறது?

அம்மிக்கல்:
என் டெபியன் லினக்ஸை 12-இல் இருந்து 13-க்கு ஏற்றுவதற்காக, மென்பொருள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் லிஸ்டில் புக்வோர்ம் (12-இன் பெயர்) என்று இருந்ததை எல்லாம் டிரிக்ஸி (13-இன் பெயர்) என்று மாற்றி, ஆப்ட் (மென்பொருளை நிறுவும், நீக்கும் கருவி) அப்டேட், அப்புறம் ஃபுல்-அப்கிரேடு கொடுத்தேன். வி.எல்.சி., கேடென்லைவ், ஓபிஎஸ் என்று வீடியோ மென்பொருள்கள் உட்பட நாற்பதுக்கு மேல் பேக்கேஜ்களை (மென்பொருள் பொதிகளை) நீக்கப் போவதாகப் பட்டியல் நீண்டதும் பயந்துபோய் 'என்' (வேண்டாம்) அடித்துவிட்டேன். வி.எல்.சி.யை மட்டும் தனியாகப் போட்டால் 'ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' (பிடித்து வைத்த பேக்கேஜ் தடுக்கிறது) என்கிறது. பிடித்து வைத்தவற்றைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்டில் ஒன்றுமே வரவில்லை. நான் எதையும் பிடித்து வைக்கவே இல்லையே!

கோடரி:
அந்த 'ஹெல்ட்' என்ற சொல்லை நம்பாதீர்கள், வழி தெரியாதபோது ஆப்ட் சொல்லும் சாக்கு அது. டெபியனுடையது அல்லாத வெளி ரெப்போ (மென்பொருள் களஞ்சியம்) ஏதாவது சேர்த்திருந்தீர்களா? எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ பேக்கேஜின் பதிப்புகளைக் காட்டும் 'ஆப்ட் பாலிசி எஃப்எஃப்எம்பெக்' என்ன சொல்கிறது?

அம்மிக்கல்:
மல்டிமீடியாவுக்காக ஒன்று இருந்தது, போன மாதமே எடுத்துவிட்டேன். நிறுவியிருப்பது 10:6.1 என்று தொடங்குகிறது, கேண்டிடேட்டும் (ஆப்ட் தேர்ந்தெடுக்கும் பதிப்பும்) அதேதான். கீழே டிரிக்ஸியின் 7:7.1 சும்மா நிற்கிறது. 7.1 தானே பெரிசு?

கோடரி:
மாட்டியது. கோலனுக்கு முன்னால் இருக்கும் எண்ணுக்கு எபாக் என்று பெயர், ஆப்ட் முதலில் அதைத்தான் ஒப்பிடும், 10 பெரியது என்றான பிறகு மீதியைப் பார்க்காது. ரெப்போவை எடுத்தாலும் அதிலிருந்து வந்த பேக்கேஜ் போய்விடாது, தானாகக் கீழிறங்கவும் இறங்காது. அதற்கு முன்னுரிமை 1000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆப்ட் முன்னுரிமைகளைப் படிக்கும் பிரிஃபரன்சஸ்.டி-யில் ஒரு தற்காலிகக் கோப்பு போட்டு, எல்லாப் பேக்கேஜுக்கும் 'ரிலீஸ் ஓ=டெபியன்' (டெபியனில் இருந்து வருவது) என்று 1001 கொடுங்கள். டிரிக்ஸி என்று மட்டும் எழுதினால் செக்யூரிட்டி ரெப்போ விட்டுப்போகும். முதலில் ஃபுல்-அப்கிரேடை '-எஸ்' போட்டு ஒத்திகை பாருங்கள். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள், மறந்தால் இன்னொரு நாள் வேறெங்கோ கடிக்கும்.

நள்ளிரவு:
டவுன்கிரேடை (கீழ்ப் பதிப்புக்கு இறக்குவதை) டெபியன் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை, பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஆப்டுக்கு அடியில் இருக்கும் டிபிகேஜி-யில் ஃபோர்ஸ் (வலுக்கட்டாயம்) போடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள், ஒருமுறை அப்படிச் செய்து இரண்டு நாள் லைவ் யுஎஸ்பியில் குடித்தனம் நடத்தினேன்.

அம்மிக்கல்:
ஒத்திகையில் இருபத்து மூன்று பேக்கேஜ் கீழிறங்குவதாகவும் நீக்கப் பட்டியலில் பழைய லைப்ரரிகள் மட்டும் இருப்பதாகவும் காட்டியது, துணிந்து 'ஒய்' அடித்தேன். வி.எல்.சி. ஓடுகிறது. பழைய லிப்ஏவ்கோடெக்60 லைப்ரரி மட்டும் மிச்சம் இருந்தது, தேவைப்படாததை நீக்கும் ஆட்டோரிமூவ் அதையும் கூட்டித் தள்ளிவிட்டது. கோப்பையும் அழித்துவிட்டேன், கோடரி அண்ணா.