இசட்எக்ஸ்81: எட்டு விசைகள் ஒரே நாளில் செயலிழந்தன

அப்பா 1981இல் லண்டனில் வாங்கிய எங்கள் இசட்எக்ஸ்81 கணினியில், மூன்று வாரங்களுக்கு முன்பு 1, கியூ, ஏ, ஷிஃப்ட், 0, பி, நியூலைன், ஸ்பேஸ் ஆகிய எட்டு விசைகளும் ஒன்றாகச் செயலிழந்தன. கட்டளைக்குக் காத்திருப்பதைக் காட்டும் 'கே' குறி திரையின் இடப்பக்கக் கீழ் மூலையில் வழக்கம்போல் தோன்றுகிறது, மற்ற விசைகளும் இயங்குகின்றன. ஆனால் இன்றைய 'என்டர்' போன்ற நியூலைன் இல்லாமல் ஒரு வரியைக்கூட உள்ளிட முடியாது.

இந்த எட்டும், விசைப்பலகையை மின்சுற்றுப் பலகையுடன் இணைக்கும் தட்டை நாடாவில் ஒரே தடத்தைப் பகிர்பவை என்பதால், நொறுங்கியிருந்த நாடா நுனியை மூன்று மில்லிமீட்டர் கத்தரித்து மீண்டும் செருகினேன். பலனில்லாமல் புதிய விசைப்பலகையே வாங்கி மாற்றினேன். மின்சுற்றுப் பலகையின் அடியில் உரிய இரு பற்றவைப்புப் புள்ளிகளைக் கம்பியால் தொட்டுப் பார்த்தபோதும், 'பி' விசையை ஒருமுறை அழுத்தினாலே முழுதாக வரவேண்டிய 'பிரிண்ட்' என்ற கட்டளைச் சொல் வரவில்லை.

அடுத்த ஆண்டே வண்ணமும் ஒலியுமாக வந்த ஸ்பெக்ட்ரம் கணினிக்கு மாறிவிடும்படி தயவுசெய்து சொல்ல வேண்டாம். அதுவும் பரணில் இருக்கிறது. ஒரு கிலோபைட் நினைவகத்துக்குள் ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி எண்ணி நிரல் எழுதப் பழகிய எனக்கு, இந்தக் கறுப்புப் பெட்டிதான் கணினி.

விசைகளைப் படிக்கும் யூஎல்ஏ சில்லைக் கழற்றாமல், அந்த எட்டு விசைகளின் தடம் சென்று சேரும் அதன் ஓர் உள்ளீட்டு முனைதான் பழுதாகியுள்ளதா என்பதை மல்டிமீட்டரை மட்டும் கொண்டு உறுதிசெய்வது எப்படி?