கலிஃபோர்னியா பள்ளி மாவட்டம்: பணம் எப்படி வருகிறது, முடிவு எப்போது ஆகிறது? தெரிந்தவர்கள் பகிருங்கள்

கணக்குப்பிள்ளை:

பள்ளியை மூடப் போகிறார்கள், நூலகரை வேலையிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த பிறகுதான் நம் பெற்றோர்கள் போர்டு மீட்டிங்குக்கு ஓடுகிறார்கள். அதற்குள் முடிவு ஏறக்குறைய ஆகியிருக்கும். எந்த மாதத்தில் எந்தக் காகிதம் போர்டு முன்னால் வருகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே கேள்வி கேட்கலாம். பட்ஜெட் பக்கத்தை நான் எழுதுகிறேன், மற்ற பக்கங்களை அதை அறிந்தவர்கள் சேருங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பள்ளி மாவட்டம் என்பது நகராட்சியின் துறை அல்ல, தனி அரசு அமைப்பு. பெரும்பாலும் 5 அல்லது 7 பேர் கொண்ட போர்டு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது, 4 வருடப் பதவி. மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டெண்டை நியமிப்பதும் நீக்குவதும் போர்டுதான். பள்ளி விஷயமாக மேயருக்கு மெயில் எழுதிப் பயனில்லை. மாவட்டத்தின் கணக்கைச் சரிபார்க்கும் மேல் அதிகாரி கவுண்டி சூப்பரின்டெண்டெண்ட்.

பணத்துக்கு வருவோம். 1978-இல் மக்கள் ஓட்டில் நிறைவேறிய 13-ஆம் பிரேரணை சொத்து வரியை 1 சதவீதத்தில் கட்டியது. மதிப்பீடும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அதன்பின் பள்ளிச் செலவின் பெரும்பாரம் மாநிலத்தின் தலையில் விழுந்தது. இப்போதைய பங்கீட்டு முறை 2013-இல் வந்த எல்.சி.எஃப்.எஃப். ஒவ்வொரு மாணவருக்கும் வகுப்பைப் பொறுத்து ஓர் அடிப்படைத் தொகை உண்டு. குறைந்த வருமானக் குடும்பம், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளை ஆகிய மூன்று வகையில் ஒன்றில் வந்தாலும் கூடுதல் பணம் வரும்: அப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படையில் 20 சதவீதம், அவர்கள் 55 சதவீதத்தைத் தாண்டினால் தாண்டிய பங்குக்கு மட்டும் இன்னும் 65 சதவீதம். ஒரு பிள்ளை இரண்டு வகையில் வந்தாலும் ஒருமுறைதான் எண்ணுவார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடிப்படை 100 டாலர் என்று வைப்போம். அப்படிப்பட்ட பிள்ளைகள் 20 சதவீதம் உள்ள மாவட்டத்துக்கு 20-இல் 20 சதவீதம், அதாவது 4 டாலர் கூடுதல், மொத்தம் 104. அதே விகிதம் 80 சதவீதம் உள்ள மாவட்டத்துக்கு 16 டாலர், அதோடு 55 சதவீதத்தைத் தாண்டிய 25-க்கு 65 சதவீதம் வீதம் 16.25 டாலர்; மொத்தம் 132.25. சான் ரமோன் மாதிரி வசதியான ஊர்களில் வீட்டு விலை இவ்வளவு இருந்தும் மாவட்டத்தில் காசு இல்லையே என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். இந்தப் பங்கீடு நியாயமானது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அடிப்படைத் தொகையே போதாமல் இருப்பதால் இரு தரப்பும் தவிக்கிறது.

பாலோ ஆல்டோ போன்ற சில மாவட்டங்கள் விதிவிலக்கு. அங்கே உள்ளூர் சொத்து வரியே மாநிலம் கணக்கிடும் தொகையைத் தாண்டிவிடும், மிச்சத்தை மாவட்டமே வைத்துக்கொள்ளலாம். இவற்றை ‘பேசிக் எய்ட்’ என்பார்கள். அங்கே மாணவர் கூடினால் பணம் கூடாது, இருக்கும் பணத்தைப் பங்குபோட ஆள்தான் கூடும்.

இனி மாதங்கள். ஜனவரி 10-க்குள் ஆளுநரின் பட்ஜெட் வரும், மே நடுவில் திருத்தம் வரும், ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்றும், ஜூலை 1-க்குள் மாவட்டம் தன் பட்ஜெட்டை ஏற்க வேண்டும். எல்லாரும் ஜூனைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் டிசம்பரைப் பாருங்கள். அக்டோபர் 31 வரையிலான நிலையை வைத்து ‘ஃபர்ஸ்ட் இன்டரிம்’ அறிக்கை டிசம்பர் 15-க்குள் போர்டுக்கு வரும். ஆசிரியர்களுக்கு ஆட்குறைப்பு முன்னறிவிப்பு மார்ச் 15-க்குள் போயாக வேண்டும். அதற்கான தீர்மானம் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வந்துவிடும். ஆக, எந்த வேலையிடம் போகும் என்ற பேச்சு டிசம்பர் அறிக்கையிலிருந்தே தொடங்குகிறது.

அந்த அறிக்கை நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். முழுக்கப் படிக்க வேண்டாம், எம்.ஒய்.பி. (பல வருடக் கணிப்பு) என்று தலைப்பிட்ட படிவத்தைத் தேடுங்கள். நடப்பு வருடமும் அடுத்த இரண்டு வருடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்று இடம் பாருங்கள். ஒன்று, கட்டுப்பாடற்ற நிதியில் (குறிப்பிட்ட காரியத்துக்கென்று ஒதுக்காத பணம்) வரவைவிடச் செலவு எவ்வளவு கூடுதல், அது வருடாவருடம் பெருகுகிறதா. இரண்டு, கையிருப்பு, 1,001 முதல் 30,000 மாணவர் வரையுள்ள மாவட்டத்துக்கு மொத்தச் செலவில் குறைந்தது 3 சதவீதம் வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம்: ‘பிற சரிக்கட்டல்கள்’ என்ற வரி. அதில் கழித்தல் குறியோடு பெரிய எண் இருந்தால், அவ்வளவு பணத்தை வெட்டுவதாக மாவட்டம் எண்ணில் வாக்குக் கொடுத்துவிட்டது, எதை வெட்டுவது என்று சொல்லவில்லை என்று பொருள். படிவத்தின் கடைசியில் விளக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

அறிக்கையோடு ஒரு சான்றும் வரும்: பாசிட்டிவ், குவாலிஃபைட், நெகட்டிவ். மூன்று வருடமும் சமாளிக்க முடியும் என்றால் பாசிட்டிவ், முடியாமல் போகலாம் என்றால் குவாலிஃபைட், முடியாது என்றால் நெகட்டிவ். முற்றிலும் கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லாந்து சாட்சி: 2003-இல் மாநிலம் 100 மில்லியன் டாலர் அவசரக் கடனுக்கு வழிசெய்து, நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டுக்கு அப்போது அதிகாரமே இல்லாமல் போனது.

வருகைப்பதிவு:

மேலே ‘ஒவ்வொரு மாணவருக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள் சார். ஒரு திருத்தம்: சேர்ந்த மாணவருக்கு அல்ல, வந்த மாணவருக்கு. சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் பணம். காய்ச்சல் என்று முறையாகத் தெரிவித்து எடுத்த விடுப்பு பிள்ளையின் பதிவில் பிரச்சினை ஆகாது, ஆனால் மாவட்டத்துக்கு அந்த நாளின் பணம் வராது. 1,000 பேர் படிக்கும் பள்ளியில் வருகை 96-லிருந்து 93 சதவீதமாக இறங்கினால் 30 பேரின் பணம் போயிற்று. தலைக்கு 12,000 டாலர் என்று வைத்தால் 3,60,000 டாலர். மூன்று ஆசிரியர் சம்பளத்துக்குக் கிட்ட வரும். பிள்ளைகள் குறைந்துவரும் மாவட்டங்கள் ஒரே வருடத்தில் விழுந்துவிடாமல் இருக்க நடப்பு வருடம், போன வருடம், முந்தைய மூன்று வருடச் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் அடி தள்ளிப்போகும், நின்றுவிடாது.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது டிசம்பர்-ஜனவரி ஊர்ப் பயணம். வருடத்தில் 180 பள்ளி நாள். அதில் 10 சதவீதம், அதாவது 18 நாள் வராவிட்டால் பிள்ளை ‘தொடர் வராமை’ கணக்கில் போகும். பாட்டி வீட்டுக்குப் போனோம் என்பதை அந்தக் கணக்கு பார்க்காது. செய்ய வேண்டியது: டிக்கெட் எடுத்ததும் பள்ளி அலுவலகத்தில் ‘இன்டிபெண்டன்ட் ஸ்டடி’ (பள்ளிக்கு வராமல் வெளியே இருந்து பாடம் முடிப்பது) ஒப்பந்தம் கேளுங்கள். எத்தனை நாள் வரை தருவார்கள் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். கொடுத்த பாடத்தை முடித்துத் திரும்பக் கொடுத்தால்தான் வருகையாகச் சேரும்; பல ஒப்பந்தங்கள் அந்த இடத்தில்தான் வீணாகின்றன. நீண்ட பயணம் என்றால் பெயரை எடுத்துவிடுவார்களா, திரும்பி வரும்போது அதே பள்ளியில் இடம் இருக்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புதுசா_வந்தவங்க:

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்று கேட்கிறார்கள். தமிழ் என்று போட்டால் பிள்ளையை ஈ.எல். (ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்) பட்டியலில் தள்ளிவிடுவார்கள், இங்கிலீஷ் என்றே போடுங்கள் என்று தோழி சொல்கிறாள். எது சரி அக்கா?

டீலாக்_அக்கா:

உண்மையையே போடும்மா. அந்தப் படிவத்தில் நான்கு கேள்வி. பிள்ளை பேசத் தொடங்கியபோது எந்த மொழி, வீட்டில் பிள்ளை அதிகம் பேசுவது எது, நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசுவது எது, பெரியவர்கள் வீட்டில் அதிகம் பேசுவது எது. முதல் மூன்றில் ஒன்றுக்குத் தமிழ் என்று வந்தாலும் சேர்ந்த 30 நாளுக்குள் ‘இனிஷியல் எல்பாக்’ என்ற மாநில ஆங்கிலத் திறன் தேர்வு வைப்பார்கள். அதில் நன்றாகச் செய்தால் ஆங்கிலத் தேர்ச்சி உள்ளவர் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். செய்யாவிட்டால்தான் ஈ.எல்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கிண்டர்கார்டன் பிள்ளை புது ஆளிடம் வாயே திறக்காது. ஆங்கிலம் தெரிந்தும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். தேர்வு எந்த நாள், எப்படிக் கேட்பார்கள் என்று முன்பே கேட்டு வீட்டில் சொல்லி வையுங்கள். படிவத்தில் தவறாக எழுதிவிட்டால் அந்த முதல் தேர்வு நடக்கும் முன்பே திருத்தச் சொல்லலாம். தேர்வு நடந்தபின் திருத்தினாலும் முடிவு மாறாது.

ஈ.எல். ஆகிவிட்டால் வருடாவருடம் எல்பாக். வெளியே வர நான்கு அளவுகோல்: எல்பாக்கில் மொத்தமாக 4-ஆம் நிலை, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோரின் கருத்து, ஆங்கிலத்தில் அடிப்படைத் திறன். எல்பாக்கில் 4 வாங்கியும் பிள்ளை வெளியே வரவில்லை என்றால் பெரும்பாலும் மற்ற மூன்றில் ஒரு காகிதம் எங்கோ தேங்கியிருக்கும். இலையுதிர் காலத்திலேயே பள்ளிக்கு எழுதிக் கேளுங்கள். நடுநிலைப் பள்ளியில் ஈ.எல். வகுப்பு ஒரு விருப்பப் பாடத்தின் இடத்தைப் பிடித்துவிடும் என்பதால் இது முக்கியம்.

21 ஈ.எல். பிள்ளைகள் இருந்தால் பள்ளியில் எலாக் என்ற பெற்றோர் ஆலோசனைக் குழு, 51 பேர் இருந்தால் மாவட்ட அளவில் டீலாக் குழு சட்டப்படி இருக்க வேண்டும். மாவட்டம் தன் இலக்குகளையும் அவற்றுக்கான செலவையும் எழுதும் எல்.சி.ஏ.பி. திட்டத்தை டீலாக் படித்துக் கேள்வி எழுதினால் சூப்பரின்டெண்டெண்ட் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். வாயால் கேட்டால் ‘நோட் செய்துகொள்கிறோம்’ என்பார்கள். எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று, வருமானப் படிவம். 2022-23 முதல் எல்லாப் பிள்ளைக்கும் இலவசச் சாப்பாடு என்றானதும் அந்தப் படிவத்தைப் பலர் நிரப்புவதில்லை. அதைத் தராத குடும்பங்கள் பல, கணக்கில் ஏழைகளாகவே சேர்வதில்லை, மேலே சொன்ன கூடுதல் பணமும் மாவட்டத்துக்கு வராது. எண்ணிக்கை எடுப்பது அக்டோபர் முதல் புதன்கிழமை நிலவரத்தை வைத்து. ஆகவே ஆகஸ்ட்டிலேயே நிரப்பச் சொல்லி அக்கம்பக்கத்துக்குச் சொல்லுங்கள்.

மூன்று_நிமிடம்:

மீட்டிங் பற்றி. பொது அமைப்புகளின் கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், சிறப்புக் கூட்டம் என்றால் 24 மணி. நிரலில் இல்லாத விஷயத்தில் போர்டு முடிவெடுக்க முடியாது. அதனால்தான் நீங்கள் பேசும்போது பதில் சொல்லாமல் இருக்கிறார்கள். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரிய ஒப்பந்தங்கள் பல ‘கன்சென்ட்’ பட்டியலில் கட்டாகச் சேர்ந்து ஒரே ஓட்டில் போய்விடும். ஒன்றைப் பிரித்து விவாதிக்க வேண்டும் என்றால் முந்தைய நாளே உங்கள் பகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். நீங்கள் பேச வழக்கமாக 3 நிமிடம் தருவார்கள். பேசுபவர்கள் அதிகமானால் குறைத்துவிடுவார்கள். ஒரு நிமிடத்தில் முடியும் வடிவத்தையும் கையில் வைத்திருங்கள்.

புதுக் கட்டடம் கட்டக் காசு இருக்கிறது, ஆசிரியருக்கு இல்லையா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். பாண்டுப் பணத்தை (கட்டடத்துக்காக மக்கள் ஓட்டின் ஒப்புதலோடு வாங்கும் கடன்) சம்பளத்துக்குத் தொடக் கூடாது. 2000-இல் வந்த 39-ஆம் பிரேரணைப்படி 55 சதவீத ஓட்டில் பாண்டு நிறைவேறும். குடிமக்கள் மேற்பார்வைக் குழு கட்டாயம். ஆசிரியர் சம்பளத்துக்கு உதவுவது பார்சல் டாக்ஸ், அதாவது ஒவ்வொரு மனைக்கும் போடும் தனி வரி. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்பதால்தான் இவ்வளவு தோற்கிறது.

வண்ணப்பலகை:

தரம் பற்றி யாரும் சொல்லவில்லை. வீடு விற்கும் தளங்களில் வரும் பத்துக்கு இத்தனை என்ற எண்ணை விட்டுவிட்டு பள்ளிகளின் நிலையை நிறத்தால் காட்டும் மாநிலத்தின் டாஷ்போர்டு தளத்துக்குப் போங்கள். 3 முதல் 8 வரையும் 11-ஆம் வகுப்பும் மாநிலத் தேர்வு எழுதுகின்றன. நிறத்தைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். இந்த வருட நிலையும் போன வருடத்திலிருந்து வந்த மாற்றமும் சேர்ந்துதான் நிறம். உயரத்திலிருந்து சறுக்கிய பள்ளியும் தாழ்விலிருந்து ஏறிய பள்ளியும் ஒரே மஞ்சளில் நிற்கலாம்.

‘தரநிலையிலிருந்து தூரம்’ என்ற எண்ணைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக் கணிதத் தேர்வில் தரநிலை 2436. 2416 வாங்கிய பிள்ளைக்கு கழித்தல் 20. எல்லாப் பிள்ளைகளின் சராசரிதான் பள்ளியின் எண். உயர்நிலைப் பள்ளியில் ஏ.பி. தேர்வு நெருக்கடியில் 11-ஆம் வகுப்புப் பெற்றோர் பலர் மாநிலத் தேர்விலிருந்து விலக்குக் கேட்டுக் கடிதம் கொடுப்பார்கள். பங்கேற்பு 95 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த இடைவெளிக்கு ஆகக் குறைந்த மதிப்பெண்ணைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். நல்ல பள்ளி ஒரே வருடத்தில் விழுந்ததாகத் தெரிந்தால் முதலில் பங்கேற்பு விகிதத்தைப் பாருங்கள்.

அப்புறம் மாணவர் குழுக்கள். பள்ளி மொத்தமாகப் பச்சையாக இருக்கும், அதே பள்ளியில் சிறப்புக் கல்விப் பிள்ளைகளின் குழு சிவப்பில் இருக்கும். எல்.சி.ஏ.பி.யில் அந்தக் குழுவுக்கு என்ன செலவு எழுதியிருக்கிறது, போன வருடம் எழுதியதில் எவ்வளவு உண்மையில் செலவானது என்று ‘ஆண்டுப் புதுப்பிப்பு’ அட்டவணையில் இரண்டு பத்தி இருக்கும். ஒதுக்கியதும் செலவானதும் வெகுவாக வித்தியாசப்பட்டால் பெரும்பாலும் ஆள் கிடைக்காத வேலையிடம்தான் காரணம். பொது விசாரணை ஒரு கூட்டத்திலும் ஒப்புதல் இன்னொரு கூட்டத்திலும் நடக்க வேண்டும். கேள்வியை விசாரணைக் கூட்டத்தில் கேளுங்கள்.