காகிங் டார்க்: பற்பிடியா, இடறுவிசையா?

அன்பு நண்பர்களுக்கு,

நாளை மறுநாள் பாடம் அச்சுக்குப் போக வேண்டும். நிலைக்காந்த மோட்டாரில் சுழலியின் (சுற்றும் பகுதியின்) காந்த வடிவத்தை எப்படிச் செம்மையாக்குவது என்பதுதான் பாடம். பக்கத்துக்குப் பக்கம் 'காகிங் டார்க்' (cogging torque; டார்க் என்றால் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை) வருகிறது. அதற்கு எந்தத் தமிழ்ச்சொல் வைப்பது என்று மூன்று நாளாக நாம் எழுதிய மடல்களையெல்லாம் மறுபடி படித்தேன். பொருளை விட்டுச் சொல்லுக்குப் பின்னால் ஓடிவிட்டோமோ என்று தோன்றுகிறது.

மின்சாரம் தராமல் ஒரு சின்ன நிலைக்காந்த மோட்டாரின் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்றாது. ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் அழுத்தினால் சட்டென்று தாவி அடுத்த இடத்தில் போய் உட்காரும். நிலையகத்தின் (சுற்றாமல் நிற்கும் பகுதியின்) இரும்புப் பற்களைச் சுழலியின் காந்தங்கள் கவ்விக்கொள்வதால் வருவது இது. இதுதான் காகிங். 12 காடியும் (பற்களுக்கு இடையிலான பள்ளம்) 8 காந்தத் துருவமும் இருந்தால் ஒரு சுற்றுக்கு 24 முறை, அதாவது 15 பாகைக்கு ஒரு முறை. துருவத்தை 10 ஆக்கினால் 60 முறை, 6 பாகைக்கு ஒன்று. இரண்டு எண்களின் மீச்சிறு பொதுமடங்குதான் கணக்கு. எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு பிடியின் வலுவும் பெரும்பாலும் குறையும்.

> இழுக்கு என்றே வைக்கலாமே, குறளிலேயே இருக்கிறது.

இருக்கிறது. ஆனால் 415ஆம் குறளின் 'இழுக்கல்' வழுக்குகிற இடம். நமக்கு வேண்டியது வழுக்கவிடாமல் பிடிக்கிற இடம். நேர் எதிர்!

> இடறுவிசை. காதுக்கும் இனிமை, புரியவும் புரியும்.

இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் இடறல் என்றால் தடை மட்டும். இந்த விசை பாதி தூரம் தடுக்கிறது, மீதி தூரம் தானே முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு சுற்று முழுக்கக் கூட்டினால் சராசரி சுழியம். தடை என்று படித்த மாணவர் இதை உராய்வோடு சேர்த்துவிடுவார்.

> அதிர்முறுக்கு போதும்.

இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். சுமையோடு ஓடும்போது மின்னோட்டத்தாலும் முறுக்குவிசை ஏறி இறங்கும். அது முறுக்குவிசைச் சிற்றலை. காகிங் மின்னோட்டமே இல்லாதபோதும் இருப்பது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், காந்தத்தின் ஓரத்தை ஏன் சீவுகிறோம் என்ற கேள்விக்கே பாடத்தில் விடை கிடைக்காது.

காந்தமே வடசொல், அதை முதலில் மாற்றுவோம் என்றவருக்கும், இல்லை, 'காந்து' என்ற வினையிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல்தான் என்று நான்கு மடல் எழுதியவருக்கும்: அதைத் தனி இழையில் பேசுவோம். நானும் வருகிறேன்.

என் பரிந்துரை 'பற்பிடி'. பல்லின் பிடி. வேற்றுமைப் புணர்ச்சி என்பதால் வல்லினம் வரும்போது லகரம் றகரமாகும், நன்னூல்படி சரி. 'பல்பிடி' என்று எழுதினால் மின்விளக்கைப் பிடிப்பது போலத் தெரியும். இந்தச் சொல்லில் இன்னொரு வசதி: காடியே இல்லாத நிலையகம் கொண்ட மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை. 'பல் இல்லை, அதனால் பற்பிடி இல்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வுவதோடு குழம்பும் என்ற மறுப்பு நியாயமானது. 'காந்தப் பற்பிடி' என்று நீட்டினால் தீரும், ஆனால் வாய்க்கு நீளம். 'காகிங்' என்றே விடலாம் என்பவர்களுக்கு ஒன்று: தமிழ் எழுத்தில் அது காகமா, காகிதமா என்று முதல்முறை படிப்பவர் திணறுவார். இருந்தாலும் பட்டறையில் அதுதான் வழக்கு, பாடத்தில் சொல் முதலில் வரும் இடத்தில் அதையும் சேர்த்தே எழுதுவேன்.

அப்புறம், காந்த வடிவம். அடி தட்டையாகவும் மேல்புறம் வளைந்தும் இருக்கும் காந்தத்தை 'ரொட்டிக் காந்தம்' என்று பெயர்த்திருந்தார்கள். 'ஆமைமுதுகுக் காந்தம்' என்று மாற்றியிருக்கிறேன். சொல்லே வேலையையும் காட்டுகிறது: நடுவில் காற்றிடைவெளி (காந்தத்துக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி) குறைவு, ஓரம் போகப்போக அதிகம். அதனால் காந்தப்புலம் படிக்கட்டு மாதிரி எகிறாமல், சீராக ஏறி இறங்கும் சைன் அலையை நெருங்கும், பற்பிடியும் தணியும். சும்மா கிடைப்பதில்லை, சராசரி முறுக்குவிசை கொஞ்சம் குறையும், மெலிந்த ஓரம் காந்தத்தன்மை இழக்கும் ஆபத்தும் கூடும்.

இதுவரை பற்பிடிக்கு நால்வர், இடறுவிசைக்கு இருவர். ஒருவர் இன்னும் இழுக்கை விடவில்லை. நாளை இரவு வரை வரும் மடல்களைப் பார்த்துவிட்டு 'பற்பிடி' என்றே அனுப்புகிறேன். இடறுவிசைக்காரர்கள் தடை என்ற சிக்கலுக்கு விடை சொன்னால் மட்டும் காலையில் ஒருமுறை எல்லா இடத்திலும் மாற்றத் தயார்.