அமெரிக்க அதிபரின் மனைவிக்கு உண்மையில் என்ன அதிகாரம்?

தேன்சிட்டு:
அதிபரின் மனைவியை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. சம்பளமும் கிடையாது. ஆனால் அவருக்கென்று அலுவலகம், ஆட்கள், வெளிநாட்டுப் பயணம் எல்லாம் இருக்கிறது. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா? அவருடைய செல்வாக்கு நிஜமா, வெறும் தோரணையா என்று எதை வைத்து எடைபோடுவது?

மைக்கூடு:
அரசியல் சாசனத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிடிமானம் என்று இருப்பது 1978ஆம் ஆண்டுச் சட்டம். அதிபர் தம் கடமையைச் செய்வதற்கு அவருடைய மனைவியோ கணவரோ உதவினால், அந்த உதவிக்கு வேண்டிய ஆட்களையும் வசதிகளையும் அரசுச் செலவில் தரலாம் என்கிறது. துணை இல்லாத அதிபர் குடும்பத்தில் வேறொருவரை நியமித்துக்கொள்ளலாம். கவனியுங்கள், இந்தச் சட்டம் அவர் கையில் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. ஆட்களை மட்டும்தான் கொடுக்கிறது. மற்றதெல்லாம் அதிபரிடமிருந்து வந்த இரவல்.

எடைபோட ஒரு வழி உண்டு. வெள்ளை மாளிகை ஊழியர்களின் பெயர், பதவி, சம்பளம் அடங்கிய பட்டியல் ஆண்டுதோறும் ஜூலை 1க்குள் நாடாளுமன்றத்துக்குப் போகும். அதில் முதல் பெண்மணியின் ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவருடைய அலுவலகத் தலைவருக்கு ‘அதிபரின் உதவியாளர்’ என்ற பட்டமும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஊழியர்களில் அதுதான் உச்சப் படி. ஹிலாரி கிளின்டனின் அலுவலகத் தலைவர் மேகி வில்லியம்ஸுக்கு அந்தப் பட்டம் இருந்தது. ஹிலாரிக்கும் அதிபர் அலுவலகம் இருக்கும் வெஸ்ட் விங்கிலேயே அறை கிடைத்தது. 2025இல் இடிக்கப்படும்வரை வழக்கமான இடம் ஈஸ்ட் விங். முடிவெடுக்கும் முன்பே கோப்பு கண்ணில் படுமா, எடுத்த பிறகு செய்தியாக வந்து சேருமா என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

நெடுவழி:
மைக்கூடு சொன்ன இரவல் அதிகாரம் எந்த இடத்தில் சிக்கலாகும் என்பதற்கும் ஹிலாரிதான் சரியான பாடம். 1993 ஜனவரியில் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தப் பணிக்குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். குழு மூடிய கதவுக்குள் கூடியது. ஆலோசனைக் குழுக்கள் பொதுவில் கூட வேண்டும் என்று 1972லேயே சட்டம் இருக்கிறது; உறுப்பினர்கள் அனைவரும் முழுநேர அரசு அலுவலர்களாக இருந்தால் அப்போது விலக்கு உண்டு. அப்படியானால் சம்பளம் வாங்காத ஹிலாரி அரசு அலுவலரா? மருத்துவர் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது. இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரை அலுவலராகக் கொள்ளலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993 ஜூனில் சொன்னது. வழக்கில் குழு தப்பித்தாலும், ரகசியமாகத் தயாரித்தார்கள் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. குழுவின் திட்டத்தை வைத்து எழுதிய மசோதா 1,300 பக்கங்களைத் தாண்டியது. 1994 செப்டம்பரில் கைவிட்டார்கள்.

தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனால் அமைப்பிலேயே ஒரு கோளாறு இருந்தது. ஓர் அமைச்சரின் திட்டம் சரியில்லை என்றால் அதிகாரிகள் நேருக்கு நேர் சொல்வார்கள், முடியாவிட்டால் அமைச்சரை மாற்றுவார்கள். அதிபரின் மனைவியிடம் அதை யார் சொல்வது?

அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மனைவி ரோசலின் போன வழி வேறு. 1977இல் மனநல ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்க நினைத்தார்கள். உறவினரை அரசுப் பதவியில் அமர்த்தக் கூடாது என்ற 1967ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றதால் ‘கௌரவத் தலைவர்’ ஆனார். 1979இல் செனட் குழு முன் நேரில் சாட்சியம் சொன்னார். 1980இல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டே ரீகன் ஆட்சியில் அதன் பெரும்பகுதியை நீக்கிவிட்டார்கள் என்பது வேதனையான விஷயம்.

மைக்கூடு:
ஒரு திருத்தம். 1967ஆம் ஆண்டுத் தடை இன்று அப்படியே பொருந்தாது. வெள்ளை மாளிகைப் பதவிகளை அது கட்டுப்படுத்தாது என்று 2017 ஜனவரியில் நீதி அமைச்சகம் கருத்துச் சொல்லியிருக்கிறது. அமைச்சர் பதவி, துறைசார்ந்த பதவிகளுக்குத் தடை இருக்கிறது.

உப்பங்காற்று:
அதிபர் உட்ரோ வில்சனின் மனைவி எடித்தை விட்டுவிட்டீர்களே. 1919 அக்டோபர் 2ஆம் தேதி வில்சனுக்குப் பக்கவாதம். அதன்பின் எந்தக் காகிதம் அவர் படுக்கைக்குப் போக வேண்டும் என்பதை எடித்தான் பிரித்தார். அமைச்சர்கள் அனுப்பிய கடிதங்கள் ஓரத்தில் அவர் கையெழுத்தில் குறிப்போடு திரும்பி வந்தன. அந்தக் குறிப்பு அதிபரின் முடிவா, அவருடையதா என்று சரிபார்க்க வழியே இல்லை. 1967இல் வந்த 25ஆம் திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது: அதிபர் செயலிழந்தால் முடிவு துணை அதிபருக்கும் பெரும்பான்மை அமைச்சர்களுக்கும். மனைவிக்கு அதில் இடமில்லை.

அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால், மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் சாசனமே அதிபரின் நெருங்கிய உறவினர் அதிபர் தேர்தலில் போட்டியிடத் தடை போடுகிறது. 2011இல் சான்ட்ரா டோரஸ் அதற்காகவே கணவரான அதிபர் கோலோமை விவாகரத்து செய்தார். நீதிமன்றம் அப்போதும் அனுமதிக்கவில்லை.

தேன்சிட்டு:
மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: வெளிநாட்டுத் தலைவர்கள் தரும் பரிசுகள்? அவர் அலுவலர் இல்லை என்றால் வைத்துக்கொள்ளலாமா?

நெடுவழி:
முடியாது. வெளிநாட்டுப் பரிசுச் சட்டம் அதிபரின் துணையையும் பெயர் சொல்லியே உள்ளே சேர்க்கிறது. 2023இல் வரம்பு 480 டாலர். அதற்கு மேல் போனால் பொருள் அரசுக்குச் சொந்தம், வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆண்டு பிரதமர் மோடி அதிபர் பைடனின் மனைவி ஜில்லுக்குத் தந்த, ஆய்வகத்தில் உருவாக்கிய 7.5 காரட் வைரத்தின் மதிப்பை 20,000 டாலர் என்று போட்டிருந்தார்கள். அது ஈஸ்ட் விங்கில் அலுவல் பயன்பாட்டுக்கு வைக்கப்பட்டதாகப் பட்டியலில் ஏறியது.