சொதி வைக்கும் கையால் மக்ரோனி சீஸ்

பாளையங்கோட்டையிலிருந்து:

கோடை விடுமுறைக்குச் சென்னை போன என் மகன், அங்கே ஓர் உணவகத்தில் மக்ரோனி சீஸ் சாப்பிட்டுவிட்டு அதே நினைப்போடு ஊர் திரும்பினான். தினமும் கேட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்குச் செய்தேன். மக்ரோனி 250 கிராம், கட்டிச் சீஸ் 200 கிராம், வெண்ணெய் 50 கிராம், ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் அரை லிட்டர், இரண்டு கரண்டி மைதா. பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். மாமாவுக்கு அன்று இரவெல்லாம் நெஞ்செரிச்சல். எனக்கு மறுநாள் மதியம் வரை பசிக்கவே இல்லை.

உறைகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். சீஸில் 50 கிராம், வெண்ணெயில் 40, பாலில் 30. மொத்தம் 120 கிராம் கொழுப்பை ஐந்து பேர் ஒரே வேளையில் சாப்பிட்டிருக்கிறோம். ஆளுக்கு 24 கிராம். வாரந்தோறும் கேட்கிற பிள்ளைக்கு இதைக் கொடுக்க மனம் வரவில்லை. கேட்டதை மறுக்கவும் மனம் வரவில்லை.

அடுத்த முறை வெண்ணெயையும் மைதாவையும் விட்டுவிட்டேன். மணம் அதிகம் என்பதால் கொஞ்சம் போட்டாலே போதும் என்று செடார் சீஸ் வாங்கினேன். பால் கொதிக்கும்போதே துருவிப் போட்டேன். அடியில் ரப்பர் போல ஓர் உருண்டை, மேலே எண்ணெய், நடுவே தண்ணீர்.

அடுப்படிக்கு வந்த அத்தை பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, "சொதிக்கு முதல் பாலை ஊற்றிய பிறகு கொதிக்கவிடுவாயா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொதி நம் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு. அதில் காய் வேகிறது தண்ணீரான மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும். கெட்டித்தன்மை தருவது வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு. முதலில் பிழிந்த கெட்டியான முதல் பாலை இறக்கும் நேரத்தில்தான் ஊற்றுகிறோம், கொதித்தால் திரிந்துவிடும். சீஸும் அப்படித்தான். சூடு மிஞ்சினால் அதிலுள்ள புரதம் இறுகி, பிடித்து வைத்திருந்த கொழுப்பையும் நீரையும் வெளியே விட்டுவிடுகிறது. குழம்பைக் கெட்டியாக்கும் வேலையையும் நான் சீஸின் தலையிலேயே கட்டியிருந்தேன். அதனால்தான் அவ்வளவு சீஸ் தேவைப்பட்டது.

இப்போது செய்வது இப்படி. மகாராஜ நகர் உழவர் சந்தையில் வாங்கும் பூசணியில் 300 கிராம். (நம் பக்கத்தில் வெள்ளையைத் தடியங்காய் என்றே சொல்வதால் குழப்பம் இருக்காது, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது மஞ்சள் பூசணி.) இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, நான்கு பல் பூண்டு சேர்த்துக் குக்கரில் குழைய வேகவைத்து, ஆறியதும் மிக்சியில் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். கொழுப்புக் குறைந்த நீல நிற ஆவின் பாக்கெட் பால் 400 மில்லி விட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிடுகிறேன். கொதி முழுவதும் அடங்கிய பிறகுதான் சீஸ்: துருவிய செடார் 50 கிராம், சாதாரணக் கட்டிச் சீஸ் ஒன்று, அதாவது 25 கிராம். கட்டிச் சீஸில் கொழுப்பும் நீரும் பிரியாமலிருக்க ஒருவகை உப்புச் சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு கட்டி செடாரையும் திரியாமல் காப்பாற்றுகிறது. கால் தேக்கரண்டி கடுகுத்தூளும் கொஞ்சம் மிளகுத்தூளும் போட்டால் சீஸின் மணம் தூக்கலாகத் தெரியும். குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம், சீஸில் இருப்பதே போதும். வெந்த மக்ரோனியை இதில் போட்டுப் புரட்டினால் முடிந்தது.

கணக்கு இப்போது ஆளுக்கு 7 கிராம் கொழுப்பு. நிறமும் பூசணியால் சென்னையில் பார்த்த அதே மஞ்சள். மகனிடம் பூசணி என்று மறைக்கவில்லை. அரைக்கும்போது பக்கத்தில்தான் நின்றான்.

பாவூர்சத்திரத்திலிருந்து:

நான் இரண்டு இடத்தில் இடறினேன். முதலில், கொழுப்புக் குறைத்த சீஸ் என்று விலை கொடுத்து வாங்கினேன். அது உருகவே மாட்டேன் என்கிறது, மென்றால் ரப்பர். நல்ல சீஸைக் குறைவாகப் போடுவதுதான் சரி. இரண்டாவது, பாலுக்குப் பதில் தயிரைச் சூட்டோடு ஊற்றித் திரிய வைத்தேன். தயிர் வேண்டுமென்றால் துணியில் கட்டித் தண்ணீரை வடித்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்குங்கள். மோர்க்குழம்பு வைக்கத் தெரிந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வருத்தமாகவே இருந்தது. எங்கள் மார்க்கெட்டில் காலிஃபிளவர் மலிந்த நாட்களில் பூசணிக்குப் பதில் அதைத்தான் போடுகிறேன். இனிப்புப் பிடிக்காத மகள் அதை விரும்புகிறாள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

எங்கள் வீட்டில் காலைச் சமையல் என் பொறுப்பு. என் கவலை டிபன் பெட்டி. காலை ஏழரைக்கு வழவழப்பாக இருப்பது மதியம் கட்டியாகிவிடுகிறது. பிள்ளை பாதியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தாள். மக்ரோனி ஆற ஆறக் குழம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உறையில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுகிறேன். வடிக்கும் தண்ணீரைக் கொட்டுவதில்லை. சோற்றுக் கஞ்சி போல அதிலும் மாவுச்சத்து இறங்கியிருக்கும். ஒரு தம்ளர் எடுத்து வைத்து, பெட்டியில் போடும்முன் குழம்பு தளர்வாக ஓடும் அளவுக்கு ஊற்றுகிறேன். அந்த நேரத்தில் பார்த்தால் தண்ணீராகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். மதியத்துக்குச் சரியாகிவிடும்.

தென்காசியிலிருந்து:

எனக்கு வயது 68, சர்க்கரை நோய் உண்டு. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட ஆசை. சீஸைக் குறைத்தது நல்லதுதான். ஆனால் மக்ரோனி ரவையானாலும் மைதாவானாலும் மாவுதான், அதன் அளவு குறையவில்லையே. எனக்கு மருமகள் ஒரு சிறு கிண்ணம் மட்டும் வைத்து, பக்கத்தில் பீன்ஸ் பொரியலை நிறைய வைக்கிறாள். முதலில் பொரியலைச் சாப்பிடுகிறேன். என்னைப் போன்றவர்கள் வீட்டில் இருந்தால் இதையும் யோசியுங்கள். பாளையங்கோட்டை மகளிடம் ஒன்று கேட்க வேண்டும்: சொதி என்றால் கூடவே இஞ்சிப் பச்சடி வருமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து:

அம்மா, நீங்கள் சொன்னதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். மாமாவின் கிண்ணத்தையும் இனிச் சிறிதாக்கச் சொல்லிவிட்டார். இஞ்சியும் புளியும் வெல்லமும் எடுத்து வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை மக்ரோனியோடு இஞ்சிப் பச்சடி வைக்கிறோம். பிள்ளைகள் தொட்டுக்கொண்டார்களா என்று ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.