பாமினி எழுத்துரு பிடிஎஃப்பில் முகவரியை மறைப்பது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி. 340 பக்கப் பயனாளிகள் பட்டியல் ஒன்று இணையத்தில் ஏற வேண்டும். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிட ஆதார் சட்டம் 2016, பிரிவு 29(4) தடை போடுகிறது. பட்டியலில் உள்ள ஆதார் எண்களின் மேலே கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள் (வழக்கம்போல). கட்டத்தின் மேல் இழுத்து, நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் 12 இலக்கமும் வந்து விழுகிறது.

எண்களைப் பைமுபிடிஎஃப் (பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் பைத்தான் நிரலகம்) கொண்டு அடியோடு நீக்கியாயிற்று. நான்கு நான்காக இடைவெளி விட்டு அடித்தவை முதல் தேடலில் தப்பின. இடைவெளியையும் சேர்த்துத் தேடியதும் சிக்கிவிட்டன.

சிக்கல் முகவரியில்தான். அது பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்தது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள், 'தெரு' என்று யூனிகோடில் தேடினால் ஒன்றும் வராது. பட்டியலின் நெடுவரிசைகளும் பக்கத்துக்குப் பக்கம் நகர்கின்றன, அதனால் ஒரே அளவில் வெட்ட முடியவில்லை. லிப்ரெஆபீஸ் டிராவில் மறைத்து ஏற்றுமதி செய்தால் பக்கம் முழுக்கப் படமாகிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் படிக்க முடியாது.

சொல் இருக்கும் இடத்தின் ஆயத்தொலைவு மாறாமல் பாமினியை யூனிகோடாக்கும் நிரல் யாரிடமாவது உண்டா? பைத்தானில் இருந்தால் நல்லது. இணையவழி மாற்றிகள் வேண்டாம், கோப்பை வெளியே ஏற்ற முடியாது.