ஸ்டீம் ஃபேமிலியில் தங்கச்சியைச் சேர்க்க முடியவில்லை, ஒரு வருடம் காத்திருக்கணுமா?

சிங்காநல்லூர்க்காரன்

வணக்கம். எங்கள் வீட்டில் கேம் ஆடுகிறவர்கள் மூன்று பேர். நான், தங்கச்சி, கீழ் போர்ஷனில் இருக்கும் அக்காவின் பையன் (எட்டாவது படிக்கிறான், 13 முடிந்துவிட்டது). கணினி கேம் விற்கும் தளமான ஸ்டீமில் என் லைப்ரரியில் அறுபதுக்கு மேல் கேம் இருக்கிறது. எல்லாம் தள்ளுபடி சமயத்தில் வாங்கிப் போட்டவை, பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சும்மா கிடப்பதை இவர்களாவது ஆடட்டும் என்று போன வாரம் ஸ்டீம் ஃபேமிலி (வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் கேமை ஒருவர் ஆடும் பகிர்வு வசதி) தொடங்கினேன். பையனைக் குழந்தைக் கணக்காகச் சேர்த்தேன், சிக்கல் இல்லை. சிக்கல் வந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

தங்கச்சிக்கு அழைப்பு அனுப்பினேன், அவளால் ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே வேறொரு குடும்பத்தில் இருந்ததால் காத்திருக்க வேண்டும் என்கிறது. விசாரித்தால், ஹாஸ்டலில் ரூம்மேட்டின் ஃபேமிலியில் சேர்ந்திருக்கிறாள். ஒரே ஒரு கேமுக்காக! பிப்ரவரி கடைசியில் வெளியேயும் வந்துவிட்டாள். இப்போது ஆகஸ்ட். இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கணுமா, வேறு வழி இருக்கிறதா?

அடுத்தது, நான் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேமை ஆடும்போது பையனால் அதைத் திறக்க முடியவில்லை. புது முறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடலாம் என்றுதானே சொன்னார்கள்?

நான் வாங்கிய நாலைந்து கேம் அவனுடைய பட்டியலில் வரவே இல்லை. இது ஏன் என்றும் யாராவது சொன்னால் நல்லது.

பொரிகடலை

தங்கச்சி விஷயத்தில் ஒரு சின்ன ஆறுதல். அந்த ஒரு வருடக் கணக்கு, வெளியே வந்த நாளிலிருந்து தொடங்காது. முந்தைய குடும்பத்தில் *சேர்ந்த* நாளிலிருந்துதான். பிப்ரவரியை மறந்துவிட்டு, என்றைக்குச் சேர்ந்தாள் என்று பாருங்கள். அழைப்பு வந்த மின்னஞ்சல் அவளுடைய இன்பாக்ஸில் கிடக்கும்.

அவள் விட்டுவந்த இடமும் அதே தேதி வரைக்கும் காலியாகவே இருக்கும். ஒரு குடும்பத்தில் மொத்தம் 6 பேர்தான். அந்த ரூம்மேட்டுக்கு இப்போது 5 இடம்தான் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அவர் இன்னும் கவனிக்கவில்லை என்றால் நீங்களும் வாயைத் திறக்க வேண்டாம் :)

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், இது ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு. நண்பர்கள் வட்டத்தில் மாதத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றிச் சேர்ந்தால் யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். ஒரே நாட்டுக் கணக்காகவும் இருக்கணும். என் சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவனைச் சேர்க்கப் பார்த்து நானும் தோற்றவன்தான்.

சிங்காநல்லூர்க்காரன்

ரொம்ப நன்றிங்க. அவளை உட்கார வைத்து மின்னஞ்சலைத் தேடினோம். ஜனவரி 21. பொங்கல் லீவு முடிந்து ஹாஸ்டல் போன கையோடு சேர்ந்திருக்கிறாள். அப்படியென்றால் அடுத்த ஜனவரி 21. ஐந்து மாதம்! பரவாயில்லை, ஒரு மாதம் மிச்சம்.

ஸ்பீடுரன்_சேகர்

இதுக்கெல்லாம் எதுக்கு ப்ரோ ஐந்து மாசம்? உங்க ஐடி, பாஸ்வேர்டைத் தங்கச்சி லேப்டாப்பில் போட்டு லாகின் பண்ணிவிடுங்க. முடிஞ்சது கதை.

நைட்_ஷிப்ட்

சேகர், அது கதை முடிகிற வழி இல்லை, தொடங்குகிற வழி. கணக்கையும் பாஸ்வேர்டையும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது ஸ்டீம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதை விடுங்கள், நடைமுறையில் யோசியுங்கள். ஒரே கணக்கில் இவர் ஒரு கேம் ஆட, தங்கச்சி அங்கே இன்னொன்றைத் திறந்தால் இருவரில் ஒருவர் வெளியே போகணும். பழைய காலத்துக்கே திரும்பிப் போன மாதிரி.

பழைய காலம் என்று நான் சொல்வது 2013-ல் வந்த முதல் பகிர்வு முறை. அப்போது பூட்டு மொத்த லைப்ரரிக்கும். அண்ணன் ஒரு கேமைத் திறந்தால், தம்பி வேறு எந்த கேமில் இருந்தாலும் சில நிமிட அவகாசம், அப்புறம் வெளியே. எங்கள் வீட்டில் இதற்காகவே சண்டை நடந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்டீம் ஃபேமிலி முழுமையாக வந்த பிறகு அந்தப் பூட்டு போய்விட்டது. ஆனால் ‘எல்லோரும் ஒரே நேரத்தில்’ என்பதைப் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் இரண்டாவது கேள்வி அதுதான்.

காலையில் வீட்டுக்கு ஒரு நாளிதழ் வருகிறது. அப்பா முதல் பக்கத்தை எடுத்துக்கொள்கிறார், நீங்கள் விளையாட்டுப் பக்கத்தை உருவிக்கொள்கிறீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். ஆனால் விளையாட்டுப் பக்கமே இருவருக்கும் வேண்டுமென்றால் இன்னொரு பேப்பர் வாங்கணும். இங்கேயும் அப்படித்தான். குடும்பத்தில் ஒரு கேமுக்கு எத்தனை பிரதி இருக்கிறதோ, அத்தனை பேர்தான் அதை ஒரே நேரத்தில் ஆட முடியும். ஸ்டார்டியூ வேலி உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் வேறெதையாவது ஆடினால் பையன் தாராளமாக அதை ஆடலாம்.

இருவரும் சேர்ந்து ஒரே பண்ணையில் ஆடணும் என்றால் இன்னொரு பிரதி வாங்காமலே வழி இருக்கிறது. அந்த கேமில் 1.5 பதிப்பிலிருந்து திரையைப் பிரித்து ஆடும் வசதி உண்டு. ஒரு கன்ட்ரோலர் செருகி, ஒரே கணினியில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். தனித்தனிக் கணினிதான் வேண்டுமென்றால் ஸ்டீமிலேயே ‘ரிமோட் ப்ளே டுகெதர்’ இருக்கிறது. கேம் உங்கள் கணினியில் மட்டும் ஓடும், எதிராளிக்குப் படம் போகும், அவர் அழுத்தும் பட்டன் உங்களுக்கு வரும். அவரிடம் கேம் இருக்கவே தேவையில்லை. ஹாஸ்டலில் இருக்கும் தங்கச்சிக்கும் ஜனவரி வரைக்கும் இதுதான் நல்ல வழி, ஏனென்றால் இதற்கு ஃபேமிலியில் சேர்ந்திருக்கணும் என்றே இல்லை. உங்கள் பக்கம் அப்லோட் வேகம் நன்றாக இருக்கணும், அது ஒன்றுதான்.

சிங்காநல்லூர்க்காரன்

நாளிதழ் உதாரணம் அப்படியே எங்கள் வீடு. அப்பாவிடமிருந்து முதல் பக்கத்தை வாங்கவே முடியாது.

ஒரு சந்தேகம். பையன் என் பிரதியில் ஆடினால் என் பண்ணை என்ன ஆகும்? 140 மணி நேரம் போட்டிருக்கிறேன். அவன் போய்க் கோழியை எல்லாம் விற்றுவிட்டால்?

பொரிகடலை

கோழிக்கு ஒன்றும் ஆகாது. அவன் கணக்கில் அவனுக்குத் தனி சேவ், தனி அச்சீவ்மென்ட். ஒரே கணினியில் ஆடினால் மட்டும் ஸ்டீம் லாகினோடு விண்டோஸ் கணக்கையும் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், ஸ்டார்டியூ சேவ் விண்டோஸ் கணக்கின் ஃபோல்டரில்தான் கிடக்கும். உங்கள் கணக்கைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். கோழி போவதெல்லாம் அப்படித்தான்.

தாரணி_டிஎல்சி

பட்டியலில் வராத கேம்களுக்கு நான் சொல்கிறேன், இதில் அடிபட்ட அனுபவம் நிறைய. தனியாக வேறொரு நிறுவனத்தின் கணக்கோ சந்தாவோ கேட்கிற கேம்கள் பெரும்பாலும் பகிர்வில் வராது. வெளியீட்டாளர் வேண்டாம் என்று சொன்னவையும் வராது. இலவச கேம்களைப் பகிரவே தேவையில்லை, அவனவன் கணக்கில் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கேம் பகிர்வில் வருமா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். ஸ்டோர் பக்கத்தில் வலது ஓரம், கன்ட்ரோலர், கிளவுட் சேவ் என்று வசதிகளை வரிசையாகப் போட்டிருக்கும் இடத்தில் குடும்பப் பகிர்வும் இருக்கும். நான் இப்போதெல்லாம் விலையைப் பார்க்கும் முன் அதைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் லைப்ரரியில் எதையாவது ‘தனிப்பட்டது’ என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? அதுவும் குடும்பத்துக்குப் போகாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. டிஎல்சி, அதாவது ஒரு கேமுக்குத் தனியாக வாங்கும் கூடுதல் பாகங்கள் விஷயம். என் தம்பியிடம் சிவிலைசேஷன் 6 வெறும் அடிப்படை கேம் இருந்தது, என்னிடம் எல்லா டிஎல்சியும் இருக்கிறது. ஃபேமிலியில் சேர்ந்தும் அவனுக்கு ஒன்றுகூட வரவில்லை. காரணம் அவனிடமே ஒரு பிரதி இருந்ததுதான், திறந்தால் அதுதான் ஓடும். டிஎல்சி எந்தப் பிரதியோடு இருக்கிறதோ அதோடுதான் வரும். ஒருவரின் கேமில் இன்னொருவரின் டிஎல்சியை ஒட்ட முடியாது. கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் யாருடைய பிரதியை ஓட்டுவது என்று தேர்ந்தெடுக்கலாம். என் பிரதியைத் தேர்ந்தெடுத்ததும் எல்லாம் வந்துவிட்டது. என்ன, அந்த நேரத்தில் நான் ஆட முடியாது. அவன் ஒரு ஆட்டத்தை முடிக்க மூன்று நாள் எடுப்பான்.

சிங்காநல்லூர்க்காரன்

தாரணி, பார்த்தேன். இரண்டு கேம் தனி லாஞ்சர் கேட்பவை. ஒன்று வெளியீட்டாளர் பகிர்வே தராதது. மீதி இரண்டை... நானேதான் முன்பொரு நாள் தனிப்பட்டது என்று குறித்து வைத்திருக்கிறேன். 13 வயதுப் பையன் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது, அப்படியே இருக்கட்டும்.

நைட்_ஷிப்ட்

பையன் என்றதும் ஞாபகம் வந்தது. ஆன்லைன் கேம் எதையாவது உங்கள் பிரதியில் ஆடுகிறானா? உங்கள் பிரதியில் ஆடும்போது அவன் ஏமாற்று வேலை செய்து தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது, பிரதியின் சொந்தக்காரர் மட்டும் சேர்ந்து மாட்டுவார். ‘தெரியாமல் செய்துவிட்டான்’ என்ற பேச்செல்லாம் எடுபடாது.

சிங்காநல்லூர்க்காரன்

இதைப் படித்ததும் கீழே இறங்கிப் போய் அவன் லேப்டாப்பைத் திறந்தேன். டவுன்லோட்ஸில் ஒரு ஜிப் கோப்பு. பெயரிலேயே ‘ஏய்ம்’ என்று இருக்கிறது, குறி தவறாமல் சுட வைக்கும் ஏமாற்று வேலை. வீடியோ பார்த்து இறக்கியிருக்கிறான், “இன்னும் போடலை மாமா, சும்மா வெச்சிருக்கேன்” என்கிறான். பிரிக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் தேதி நேற்று.

கோப்பை அழித்து, வைரஸ் ஸ்கேன் ஓட்டிவிட்டு, அந்த கேமை அவன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். குழந்தைக் கணக்கில் எந்த கேமைத் திறக்கலாம் என்று நாம் முடிவு செய்யலாம் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. கையோடு நேரமும் வைத்தேன். பள்ளி நாளில் ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று. அக்கா மூன்றை இரண்டாக்கச் சொல்கிறாள்.

ஸ்பீடுரன்_சேகர்

பாவம் பையன். பிஎஸ்5 வாங்கிக் கொடுத்துடுங்க ப்ரோ, இந்தத் தொல்லையே இல்லை.

பொரிகடலை

அங்கே தொல்லை வேறு மாதிரி. ஒரு கணக்குக்கு ஒரு கன்சோலில்தான் பகிர்வைத் திறந்து வைக்க முடியும். அந்தப் பெட்டியில் யார் உட்கார்ந்தாலும் நம் கேமை ஆடலாம், நாம் வேறு பெட்டியில் லாகின் செய்து ஆடிக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு அருமை. மூன்றாவது ஆளுக்கு மூன்றாவது பெட்டி வாங்கினாலும் வேலைக்கு ஆகாது.

ஆமாம், தங்கச்சியோடு ரிமோட் ப்ளே முயன்றீர்களா?

சிங்காநல்லூர்க்காரன்

நேற்று ராத்திரி. ஹாஸ்டல் வைஃபையில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது, போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் ஓரளவு சரி. நான் வைஃபையை விட்டு ரூட்டரில் நேரடியாக லேன் கேபிள் செருகியதும் இன்னும் தேறியது. மீன் பிடிக்கிற இடத்தில் மட்டும் தாமதம் தெரிகிறது, அதனால் மீன் என் பொறுப்பு, தண்ணீர் ஊற்றுவது அவள் பொறுப்பு.

ஜனவரி 21-க்கு போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். அதுவரை வேறு எந்த அழைப்பையும் ஏற்க மாட்டேன் என்று அவளிடம் வாங்கிய சத்தியத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு அறிவிப்பு. கீழ்வீட்டிலிருந்து வாங்கித் தரச் சொல்லி விண்ணப்பம், கார்ட்டில் மூன்று கேம். குழந்தைக் கணக்கிலிருந்து இப்படிக் கேட்கலாம் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. இரண்டை நீக்கிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.